கையில் காசில்லை, பகலில் நேரம் இருக்கிறது: பிறருக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?

உறையூர்ச் செல்வி | திங்கள், காலை 11.05

எல்லோருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். வீட்டுக்காரர் சம்பளம் வாடகை, ஸ்கூல் ஃபீஸ், ஊரில் இருக்கும் மாமியாருக்கு மருந்து என்று இருபது தேதிக்குள் கரைந்துவிடும். யாராவது நன்கொடை நோட்டீஸ் நீட்டினால் தலையைக் குனிந்துகொண்டு போகிற நிலைமை. ஆனால் பிள்ளைகள் இரண்டும் கிளம்பியபின் காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலு மணி வரை நான் சும்மாதான் இருக்கிறேன். அந்த நேரத்தை யாருக்காவது கொடுக்கலாம் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

ரத்தம் கொடுக்கலாமே என்று ஒரு முகாமுக்குப் போனேன். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "ஹீமோகுளோபின் பத்தரைதான் இருக்கு, முதல்ல நீங்க நல்லா சாப்பிடுங்கம்மா" என்று ஜூஸ் பாக்கெட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். படிப்பு பிளஸ் டூ. கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய ஒரே பெயர் அதுதான்.

தயவுசெய்து "புன்னகையைக் கொடுங்கள், அன்பைக் கொடுங்கள்" என்று யாரும் எழுத வேண்டாம். அதெல்லாம் பால்காரருக்கே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மட்டுறுத்துநர் | திங்கள், காலை 11.40

இழையை "பொது உதவி" பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். குறள் ஒட்ட நினைப்பவர்களுக்குத் தனி இழை இருக்கிறது, இங்கே வேண்டாம்.

ஓய்வுபெற்ற தபால்காரன் | திங்கள், மதியம் 1.15

செல்வி அம்மா, எங்கள் காலத்தில் தபாலாபீஸ் வாசலில் மணியார்டர் பாரம் எழுதிக் கொடுக்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். நாலணா வாங்குவார். கையில் இல்லாதவர்களிடம் கேட்கமாட்டார். இன்று அந்த ஆளும் இல்லை, அந்தப் பழைய மணியார்டரும் இல்லை. ஆனால் பாரம் எழுதத் தெரியாதவர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். ஏதாவது ஒரு வங்கிக் கிளையில் முதல் வாரம் அரை மணி நேரம் நின்று பாருங்கள். "தாயி, இதை எழுதிக் குடு" என்று நீட்டும் கைகள் ஓயாது.

இன்னொன்று சொல்கிறேன், இதற்குச் செல்போன் இருந்தால் போதும். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பர் மாதம் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். முன்பெல்லாம் நேரில் போய் நிற்கணும், ரேகை வைக்கணும். வயசானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் ஏற்காது. 2021-லிருந்து போன் கேமராவில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம், 'ஜீவன் பிரமாண்' செயலி. என் தெருவில் அந்த மாதம் முழுக்க எனக்கு இதுதான் வேலை. ஜன்னல் பக்கம் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்காரவைத்து, "கண்ணைச் சிமிட்டுங்க பாட்டி" என்று சொல்லணும். சில பாட்டிகள் சிரித்துவிடுவார்கள், திரும்ப முதலிலிருந்து!

ஒரு எச்சரிக்கை. ஓடிபி வரும்போது போனை அவர்கள் கையிலேயே வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டில் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். உதவி செய்யப்போய் நாளைக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது.

டிசைனர் முருகு | திங்கள், மாலை 4.50

எல்லாரும் பூப்போடுற இடத்துல நான் ஒரு கல்லைப் போடறேன், மன்னிக்கவும்.

"காசு செலவில்லாத கொடை" அப்படின்னு ஒண்ணு கிடையாது. நேரம் காசுதான். நான் வீட்டிலிருந்து டிசைன் வேலை பார்க்கிறேன். கோயில் திருவிழா நோட்டீஸ், சித்தப்பா பையன் கல்யாணப் பத்திரிகை, காலனி சங்கத்து பேனர், எல்லாம் ஓசி. "அஞ்சு நிமிஷ வேலைதானே தம்பி." அந்த அஞ்சு நிமிஷத்துல பேரு ஸ்பெல்லிங் நாலு தடவை மாறும், தாய்மாமன் பேர் விட்டுப்போச்சுன்னு ராத்திரி பதினோரு மணிக்கு போன் வரும். அதே ஆளுங்க பந்தல்காரனுக்கும் சமையல்காரருக்கும் பேரம் பேசாம எண்ணி வைக்கிறாங்க.

கொடுக்கிறவன் முடிவு பண்ணினா கொடை, கேக்கிறவன் முடிவு பண்ணினா ஓசி. இந்த வித்தியாசம் தெரியாம "நேரத்தைக் கொடுங்க"ன்னு ஊர்ல சொன்னா, ஏமாந்தவங்க தலையிலதான் எல்லாம் வந்து விழும். அக்கா, உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

உறையூர்ச் செல்வி | திங்கள், மாலை 5.30

முருகு தம்பி சொல்வது புரிகிறது. எங்கள் தெருவில் ஏற்கனவே "செல்வி சும்மாதானே இருக்கா" என்று கேஸ் சிலிண்டர் வாங்கி வைப்பது, கூரியர் வாங்கி வைப்பது எல்லாம் என் தலையில்தான். அது வேண்டாம் என்றுதான் இங்கே கேட்கிறேன்.

வார்டு சிஸ்டர் | திங்கள், இரவு 10.20

நைட் டூட்டிக்கு நடுவுல எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

செல்வி, ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 வேணும். வயசு 18லேர்ந்து 65, எடை 45 கிலோவாவது இருக்கணும். இது எல்லாம் சரியா இருக்கிறவங்க, ஆம்பளைங்க 90 நாளைக்கு ஒரு தரம், பொம்பளைங்க 120 நாளைக்கு ஒரு தரம் கொடுக்கலாம். உங்களுக்குப் பத்தரைன்னா முதல்ல டாக்டரைப் பாருங்க, ஏன் குறைஞ்சிருக்குன்னு தெரியணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல இரும்புச்சத்து மாத்திரை இலவசம்தான். டீயோட சேர்த்துப் போடாதீங்க. திருப்பி அனுப்பினாங்கன்னு வருத்தப்படவே வேண்டாம், முகாமுக்கு வர்ற பெண்கள்ல எத்தனையோ பேர் இப்படித்தான் திரும்பிப் போறாங்க.

மத்தவங்களுக்கு ஒண்ணு. "இப்ப வேணாம், அடுத்த வாரம் வாங்க"ன்னு ரத்த வங்கியில சொன்னா கோவிச்சுக்காதீங்க. சிவப்பணு ஒரு மாசத்துக்கு மேல தாங்கும், தட்டணு (பிளேட்லெட்) அஞ்சு நாள்தான். ஒரே நாள்ல ஐம்பது பேர் வந்துட்டு அப்புறம் ஒரு மாசம் யாரும் எட்டிப் பார்க்கலைன்னா எங்களுக்குப் பிரயோஜனமில்ல. தலைவர் பிறந்தநாளுக்கு வரிசை கட்டி நிக்கிறவங்க, அதுல பாதிப் பேர் பரீட்சை லீவு சமயத்துல வந்தாப் போதும். அப்பதான் காலேஜ் முகாமெல்லாம் நின்னு போயிருக்கும்.

அப்புறம் அந்த வாட்ஸப் பார்வர்ட். "அவசரம், ஓ நெகட்டிவ், குழந்தைக்கு ஆபரேஷன்". அதுல தேதி இருக்காது. நம்பருக்குப் போன் பண்ணினா அந்தப் பிள்ளை இப்ப ஆறாவது படிக்குதுன்னு அப்பா சொல்வாரு. ஒரு போன் போட்டு உண்மையான்னு கேட்டுட்டு அனுப்புங்க, இல்லைன்னா அழிச்சிடுங்க. தட்டிவிடறது ஒரு உதவியும் இல்ல.

வெண்கோல் | செவ்வாய், காலை 7.10

செல்வி அக்கா, "பிளஸ் டூ, நல்ல கையெழுத்து, காலை ஒன்பதரை முதல் நாலு மணி" என்று நீங்கள் எழுதியதை என் போன் வாசித்தபோது நிறுத்தி, மறுபடி வாசிக்கவைத்தேன். எங்கள் ஆட்கள் ஊர் ஊராகத் தேடுகிற ஆள் நீங்கள்தான்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. இப்போது வங்கியில் வேலை பார்க்கிறேன். நான் எழுதிய தேர்வு ஒவ்வொன்றையும் என் வாய் சொல்ல, இன்னொருவர் கை எழுதியது. 'ஸ்க்ரைப்' என்போம், அரசுத் தாளில் 'சொல்வதை எழுதுபவர்' என்று இருக்கும். பத்தாவது, பன்னிரண்டாவது அரசுத் தேர்வுக்கு ஓர் ஆசிரியரைத் துறையே போட்டுவிட்டது, கவலை இல்லை. கல்லூரியில் காலெடுத்து வைத்த பிறகுதான் ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஆள் பிடிக்கும் படலம். ஏப்ரல், நவம்பர் வந்தால் விடுதியில் நாங்கள் படிப்பதைவிடப் போன் பேசுவதுதான் அதிகம்.

வருவதற்கு மனசுள்ளவர்கள் இல்லாமல் இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வருவார், எம்.எஸ்ஸி. முடித்த அண்ணன் வருவார். விதி அவர்களை உள்ளே விடாது. மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் வழிகாட்டுதல்படி, நாமே அழைத்துப் போகும் எழுதுபவரின் படிப்பு, தேர்வு எழுதுபவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்கவேண்டியிருந்தது (2025-ல் புது வழிகாட்டுதல் வந்துவிட்டது). பி.ஏ. படிக்கிறவனுக்கு பிளஸ் டூ படித்தவர். பிளஸ் டூ மட்டும் படித்து, வார நாளில், பகல் பத்து மணிக்கு ஓய்வாக இருப்பவர் யார்? கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அதே நாளில் அவர்கள் தேர்வு. வேலைக்குப் போனவர்களுக்கு லீவு கிடைக்காது. மிச்சம் வீட்டில் இருக்கும் அக்காக்கள்தான். அவர்களிடம் போய் யாரும் கேட்பதில்லை. அவர்களும் "நான் வெறும் பிளஸ் டூதானே" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வருகிறேன் என்றால் வரணும். இரண்டாம் வருடத்தில் ஒருநாள், ஒப்புக்கொண்டிருந்த அண்ணன் ஒன்பதே முக்காலுக்கு "சாரி தம்பி, ஆபீஸில் அவசர வேலை" என்று மெசேஜ் போட்டார். நான் தேர்வுக்கூட வாசலில் நிற்கிறேன். துறைத்தலைவர் கேன்டீனுக்கு ஓடி, டீ ஆற்றிக்கொண்டிருந்த பையனைக் கூட்டிவந்தார். பத்தாவது பாஸ். அவசரத்துக்கு ஆளை மாற்ற விதியில் இடம் உண்டு. அவனுக்கு எழுதிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பேனா உரசும் சத்தம் நின்றால் எழுத்துக் கூட்டுகிறான் என்று அர்த்தம். நான் வாயை மூடிக் காத்திருப்பேன். "அண்ணே, ஏகபோகம்னா ரெண்டு சுழியா மூணு சுழியா?" என்றான். அதில் சுழியே இல்லை! இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், கண்காணிப்பாளர் அதட்டினார். அந்தத் தாளில் பாஸ். என்னை அம்போ என்று விட்ட அண்ணன் நல்ல சம்பளக்காரர், முன்னொரு முறை எனக்குச் சட்டையெல்லாம் வாங்கிக் கொடுத்தவர்.

உறையூர்ச் செல்வி | செவ்வாய், காலை 10.45

தம்பி, படித்ததிலிருந்து இதே யோசனையாக இருக்கிறது. எனக்குச் சந்தேகங்கள் நிறைய. நான் படித்தது வேறு குரூப், பொருளியல் எல்லாம் தெரியாதே? தப்பாக எழுதி உங்கள் பிள்ளைகளுடைய மார்க் போய்விட்டால்? எத்தனை மணி நேரம் ஆகும்? நாலு மணிக்குள் நான் வீட்டில் இருக்கணும்.

வெண்கோல் | செவ்வாய், மதியம் 1.30

பாடம் தெரியாமல் இருப்பதுதான் நல்லது அக்கா. பல இடங்களில் அதே பாடம் படித்தவரை அனுமதிக்கவே மாட்டார்கள்.

நேரம்: மூன்று மணித் தேர்வு என்றால் மணிக்கு 20 நிமிடம் கூடுதல், ஆக நாலு மணி நேரம். பத்துக்கு ஆரம்பித்தால் இரண்டு மணிக்கு முடியும். முதல் தடவை ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள், கையெழுத்து, அடையாள அட்டை, உறுதிமொழிப் படிவம் என்று அலுவலகத்தில் கொஞ்சம் இழுப்பார்கள்.

உட்கார்ந்ததும் கேள்வித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரை ஒரு தடவை முழுக்க வாசித்துவிடுங்கள். 'எவையேனும் ஐந்து', மதிப்பெண், 'அல்லது' எல்லாவற்றையும் சேர்த்து. பார்வை உள்ளவர்கள் தாளைப் புரட்டி எது சுலபம் என்று ஒரு கண்ணோட்டம் விடுவார்கள் இல்லையா, எங்களுக்கு அது உங்கள் குரலில்தான் நடக்கணும். சரியான விடையைத் தேர்ந்தெடு கேள்வியில் நாலையும் ஒரே மாதிரி வாசியுங்கள். விடை தெரிந்தவர்கள் அந்த இடம் வரும்போது கொஞ்சம் நிதானிப்பார்கள். எங்கள் காதில் அது விழாமல் போகாது, ஆனால் அப்படி வாங்குகிற மார்க் எங்களுக்கு வேண்டாம்.

சொன்னதை அப்படியே எழுதணும். தப்பு என்று தெரிந்தாலும். ஆள் பெயர், ஊர்ப் பெயர் வந்தால் எழுத்துக் கூட்டிச் சொல்லக் கேளுங்கள். ஒவ்வொரு விடை முடிந்ததும் எத்தனை பக்கம் வந்திருக்கிறது, மணி என்ன என்று சொல்லுங்கள். பிள்ளை யோசிக்கும்போது பெருமூச்சு விடாதீர்கள். கேலியில்லை, பக்கத்தில் ஒருவர் 'ஹூம்' என்றாலே வரிசையாக நினைவிலிருந்த பாயிண்ட் எல்லாம் கலைந்துவிடும்.

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி மாறும், சில தேர்வுகளில் நடத்துபவர்களே ஆள் போடுவார்கள். அதனால் ஒப்புக்கொள்ளும் முன் அந்த மாணவரிடம் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவரச் சொல்லுங்கள்.

பி.காம் பொடியன் | செவ்வாய், இரவு 8.05

அக்கா, நான் இரண்டு பேருக்கு எழுதியிருக்கேன். எக்ஸ்பர்ட் இல்ல, அனுபவம் மட்டும். கணக்குப் பதிவியல் தாள் வந்தா முதல் தடவையே ஒத்துக்காதீங்க. "டெபிட் பக்கம் மூணாவது வரி, தொகைக் கட்டத்துல பன்னிரண்டாயிரம்"னு வாயால ஒரு பேரேட்டைப் போடறாங்க, நினைச்சுப் பாருங்க. முழு ஐந்தொகையும் (பேலன்ஸ் ஷீட்) அவங்க தலைக்குள்ள நிக்குது. என் தலைக்குள்ள ஒரு வரி நிக்காது. கடைசியில ரெண்டு பக்கமும் ஒத்துப்போகலைன்னு எனக்குத் தெரியுது, சொல்லக் கூடாது. நாக்கைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தேன். அவரே ரெண்டு நிமிஷம் கழிச்சு "தம்பி, அஞ்சாவது வரியை மறுபடி வாசி"ன்னு பிடிச்சிட்டார். வரலாறு, தமிழ், பொருளியல்ல ஆரம்பிங்க. ஒவ்வொரு தாளுக்கும் வேற வேற ஆள் வெச்சுக்கலாம், அதனால எல்லாத் தாளும் உங்க தலையில வராது. கை வலிக்கும், அது மட்டும் உறுதி.

டிசைனர் முருகு | செவ்வாய், இரவு 9.15

வெண்கோல் அண்ணே, உங்க மேல மரியாதை உண்டு. ஆனா கேட்டுத்தான் ஆகணும். இது அரசாங்கமும் பல்கலைக்கழகமும் சம்பளம் கொடுத்து ஆள் வெச்சுச் செய்யவேண்டிய வேலை இல்லையா? செல்வி அக்கா மாதிரி ஆளுங்க ஓசியில வர்ற வரைக்கும் அவங்க எதுக்கு வெக்கப்போறாங்க?

வெண்கோல் | செவ்வாய், இரவு 9.50

கேள்வி நியாயம் முருகு. நடத்துபவர்களே பயிற்சி கொடுத்த ஆட்களை வைத்திருக்கணும் என்றுதான் எங்கள் சங்கங்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன, மனுவும் போடுகிறோம், வழக்கும் நடக்கிறது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒரு குடிமைப்பணித் தேர்வர் வழக்கில், 40 சதவீத ஊனச் சான்று இல்லாவிட்டாலும் எழுதுபவரைக் கேட்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அப்படி வாங்கிய உரிமைகள்தான் இவை எல்லாம். ஆனால் வழக்கு முடிகிறவரை செமஸ்டர் காத்திருக்காதே. முதலாமாண்டு பிள்ளையிடம் "கொள்கை முடிவு வரட்டும், அப்புறம் பரீட்சை எழுது" என்று சொல்ல என்னால் முடியாது.

டிசைனர் முருகு | செவ்வாய், இரவு 10.05

சரி, அதை ஒத்துக்கறேன். கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் காசு வாங்குவேன்.

வாவிக்கரை | புதன், காலை 6.40

மட்டக்களப்பில இருந்து எழுதுறன். இங்க எங்கட பக்கம் சிரமதானம் எண்டு ஊரே சேந்து குளம், வாய்க்கால், மயானம் துப்புரவாக்குறது வழமை. அதைச் சொல்ல வரேல்ல. கண் தானம் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே எண்டுதான் வந்தனான். இலங்கைக் கண்தானச் சங்கம் 1961இல வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கினது. இந்தச் சின்னத் தீவில இருந்து வேற நாடுகளுக்கும் கருவிழி போகுது. ஒரு சதம் செலவில்லை, ஆனா வீட்டில உள்ள சனத்துக்குச் சொல்லி வைக்க வேணும். பத்திரம் எழுதிப் போட்டு அலுமாரிக்குள்ள பூட்டி வச்சா ஆருக்குத் தெரியும்?

வார்டு சிஸ்டர் | புதன், காலை 7.30

நல்லாச் சொன்னீங்க. இறந்து ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். கண்ணாடி போட்டவங்க, புரை ஆபரேஷன் பண்ணவங்க, சர்க்கரை உள்ளவங்க எல்லாரும் கொடுக்கலாம். தமிழ்நாட்டுல 104க்குப் போன் பண்ணுங்க. அவங்க வர்றவரைக்கும் இமையை மூடி, மேல ஈரப் பஞ்சு வைங்க, தலைக்கு அடியில தலையணை கொடுங்க, மின்விசிறியை நிறுத்துங்க. சாவு வீட்டுல இந்தக் கடைசி ஒண்ணுதான் யாருக்கும் தோணாது, கூட்டம் கூடினதும் ஃபேனைத்தான் முதல்ல போடுவாங்க.

ஜூரோங் வாசகன் | புதன், இரவு 11.15

வெளியே போக முடியாதவர்களுக்காக ஒன்று. பழைய நூல்களை இணையத்தில் இலவசமாக வைக்கும் தளமான தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையான நூல்களின் ஸ்கேன் பக்கங்கள் குவிந்து கிடக்கின்றன. எந்திரம் எழுத்தாக்கிவிட்டது, ஆனால் 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் என்றால், 'லை', 'னை' பழைய வடிவில் தும்பிக்கை தூக்கி நிற்கும், அங்கே எந்திரம் வாய்க்கு வந்ததை எழுதி வைத்திருக்கும். படத்தைப் பார்த்துத் திருத்தினால் சிவப்பு அடையாளத்தில் இருக்கும் பக்கம் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. நான் தூங்கும் முன் ஒரு பக்கம் பார்ப்பேன். ஒருநாள் விட்டாலும் யாரும் வாசலில் காத்து நிற்கப் போவதில்லை, வெண்கோல் சொன்ன பொறுப்பு இதில் இல்லை. என்னைப் போல் ஷிஃப்ட் வேலைக்காரனுக்கு அதனால்தான் இது ஒத்துவருகிறது.

உறையூர்ச் செல்வி | வியாழன், காலை 10.10

வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். "நாலு மணி நேரம் நீ பேசாம இருப்பியா?" என்று கேட்டார், பார்க்கலாம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, அதனால் போக்குவரத்துச் செலவும் கிடையாது. போட்டோ பழசு இரண்டு பீரோவில் இருக்கிறது. திருச்சிக்குள் யாருக்காவது தேவை என்றால் சொல்லுங்கள். நேற்று மதியம் பிள்ளையின் பழைய வரலாற்றுப் புத்தகத்தை என் தங்கையை போனில் வாசிக்கச் சொல்லி எழுதிப் பழகினேன். இரண்டு பக்கத்துக்கே கட்டைவிரல் விண்விண் என்கிறது.

வெண்கோல் | வியாழன், மதியம் 12.20

பேனாவை அழுத்திப் பிடிக்காதீர்கள் அக்கா, தடித்த பேனாவாக வாங்கிக்கொள்ளுங்கள். திருச்சியில் பி.ஏ. வரலாறு இரண்டாமாண்டு படிக்கும் ஒரு தங்கைக்கு 14-ம் தேதி காலைத் தாளுக்கு ஆள் இல்லை. மற்ற தாள்களுக்கு ஏற்பாடாகிவிட்டது. முடியுமா?

உறையூர்ச் செல்வி | வியாழன், மதியம் 12.30

14 செவ்வாய்தானே? வருகிறேன். கைபேசி எண் இங்கேயே போடவா?

மட்டுறுத்துநர் | வியாழன், மதியம் 12.35

பொதுவில் எண் வேண்டாம், தனிமடலில் அனுப்புங்கள். மாணவியின் பெயரும் இங்கே வரக்கூடாது.

வெண்கோல் | வியாழன், மதியம் 12.50

தனிமடல் அனுப்பிவிட்டேன். ஆதார் நகல் இரண்டு, பிளஸ் டூ மதிப்பெண் சான்று அசலும் நகலும், போட்டோ, கருப்புப் பேனா ஒன்றுக்கு இரண்டாக. தண்ணீர் பாட்டிலில் லேபிளைக் கிழித்துவிட்டு எடுத்துப் போங்கள், அந்தக் கல்லூரியில் அதற்கும் நிறுத்துவார்கள்.